முதலில் ஆசிரியர் நனையட்டும்

மலேசியாவில், கெடாவின் சுங்கை பட்டாணியில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் ஜெராய் மலை தெரியும். 1,217 மீட்டர் உயரம். 2021 ஆகஸ்ட் 18 அன்று அந்த மலைமேல் பெய்த பெருமழை, யான், மெர்போக் பக்கத்து ஓடைகளில் மரங்களையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு இறங்கியது. உயிர்கள் போயின. இப்படி மலையிலிருந்து திடீரென்று இறங்கும் வெள்ளத்தை கெப்பாலா ஆயர் என்று இங்கே சொல்லுவார்கள். மேலே மழை கொட்டுவது அடிவாரத்தில் குளிப்பவருக்குத் தெரியாது. அவர் தலைக்கு மேல் வெயில்கூட அடித்துக்கொண்டிருக்கும்.

இப்படிப்பட்ட ஓடைக் கரைகளுக்குத்தான் பள்ளிப் பிள்ளைகளைச் சாரணர் முகாமுக்கு அழைத்துப் போகிறோம். தமிழ்ப்பள்ளிகள் ஆரம்பப் பள்ளிகள் என்பதால் இங்கே இருப்பவர்கள் குருளைச் சாரணர்கள். அவர்களை நடத்தும் ஆசிரியரை 'அக்கேலா' என்று கூப்பிடுவார்கள். பெரும்பாலும் தலைமையாசிரியர் பட்டியல் போடும்போது அந்தப் பொறுப்பு யாராவது ஒருவர் தலையில் விழும். அவர் நல்லவராக இருப்பார், பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருப்பார். ஆனால் காட்டில் நல்ல மனசு மட்டும் போதாது என்பதைத்தான் இந்த மடலில் எழுத நினைத்தேன்.

ஜெராய் அடிவாரத்தில் சாரணத் தலைவர்களுக்கு நடந்த பயிற்சி முகாம் ஒன்றுக்குச் சமையல் சாமான் கொண்டு போனேன். போனவன் பொழுது சாயும்வரை அங்கேயே இருந்துவிட்டேன். பெரியவர்களை அணி அணியாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு நாளும் அணித்தலைவர் மாறுவார். ஓய்வுபெற இன்னும் சில ஆண்டுகளே இருக்கும் ஒரு தலைமையாசிரியர், மகள் வயதுள்ள டீச்சர் சொன்னபடி விறகு பொறுக்கிக்கொண்டிருந்தார். "சார், அது ஈரம், வேற எடுங்க" என்றார் அந்த டீச்சர். அவரும் மறுபேச்சில்லாமல் வேறு எடுக்கப் போனார்.

மழை விட்டிருந்தது, எதைத் தொட்டாலும் ஈரம். அடுப்பு பற்றவே இல்லை. பயிற்றுநர் பக்கத்தில் நின்றார், கை கொடுக்கவில்லை. கடைசியில் ஓர் ஆசிரியை பாராங் என்னும் வெட்டுக்கத்தியை எடுத்தார். கித்தா (ரப்பர்) மரக்கட்டை ஒன்றை நெடுக்காகப் பிளந்து, நனைந்த மேல்பகுதியைச் சீவித் தள்ளிவிட்டு, காய்ந்த உள்கட்டையை மட்டும் மெல்லிய சிராய்களாகச் செதுக்கினார். தீ பிடித்தது. அவருடைய அம்மா பால்மரம் வெட்டியவராம். "அம்மா இருந்திருந்தா ஒட்டுப்பாலை வெச்சே பத்த வெச்சிருப்பாங்க" என்றார்.

மாலையில் ஓடைக்கரைப் பாடம். நீர்மட்டத்தில் ஒரு கல்லைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். கல் முழுகினாலோ, தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ, உடனே விசில். பையை எடுக்கக்கூடாது. கரையோடு ஓடக்கூடாது, மேட்டைப் பார்த்து ஏற வேண்டும். பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராகச் சோடி சேர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஒருவன் இல்லை என்பது அவன் சோடிக்கு முதலில் தெரியும். இதையெல்லாம் வகுப்பறையில் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஆசிரியர்கள் இடுப்பளவு நீரிலிருந்து விசில் கேட்டதும் மேடேறிப் பார்த்தார்கள். முதல் தடவை ஏறியதும் இருவர் செருப்பைத் தேடித் திரும்பினார்கள். பயிற்றுநர் மறுபடியும் எல்லோரையும் நீரில் இறக்கினார்.

பெரியவர்கள் முதலில் சாரணராக வாழ்ந்து பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு பழையது. லண்டனுக்கு அருகே கில்வெல் பூங்காவில் 1919 செப்டம்பரில் பேடன் பவல் தொடங்கிவைத்த பயிற்சி அது. முடித்தவர்களுக்கு, தாம் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஸூலு மாலையின் மர மணிகளைக் கொடுத்தார். மலேசியாவில் அதற்கு 'மானிக் காயு' என்று பெயர். இந்தியாவில் ஹிமாலயா உட் பேட்ஜ்.

கெடா தோட்டத்து இளைஞர்களுக்குச் சீருடையும் அணிவகுப்பும் புதிதல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பீடோங் பக்கத்து ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. 1947-இல் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தது. அன்றைக்குத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்த பிள்ளைக்குக் காடும் ஓடையும் தானாகவே பழகியிருக்கும். இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போன தாய் தகப்பனைப் பார்த்தே மழை வரும் வாசனையைக் கற்றுக்கொண்டான். இன்றைக்கு அவன் பேரன் தாமானில் (நகர்ப்புறக் குடியிருப்பில்) வளர்கிறான். கித்தாக் காடுகள் பலவும் செம்பனையாகவும் வீடுகளாகவும் மாறிவிட்டன. அவனுக்குக் காட்டைக் காட்ட வீட்டில் ஆளில்லை, ஆசிரியர்தான் இருக்கிறார். அதனால்தான் அவருடைய பயிற்சி எனக்கு இவ்வளவு பெரிதாகப் படுகிறது.

அந்த ஆசிரியரோ பெரும்பாலும் பெண். தமிழ்ப்பள்ளிகளில் பெண் ஆசிரியர்களே அதிகம். வார இறுதியில் வீட்டை விட்டுக் கூடாரத்தில் தங்க வேண்டுமென்றால் கைக்குழந்தையை யார் பார்ப்பது, மாமியார் என்ன சொல்வார், எல்லாவற்றுக்கும் பதில் தேடிவிட்டுத்தான் அவர் வருகிறார். பாராங் பிடித்த அந்த ஆசிரியை கட்டணத்தையும் சொந்தக் கையிலிருந்துதான் கட்டியிருந்தார். பிள்ளை பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று எதிர்பார்க்கும் பெற்றோர் நாங்கள். அந்தச் செலவை அவர் தலையில் கட்டுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் அடுத்த மாதம் நடக்கிறது. ஆண்டு விருந்துக்கு ஒதுக்கும் பணத்தைக் குறைத்து, வருடத்துக்கு இரண்டு ஆசிரியர்களின் பயிற்சிக் கட்டணத்தைச் சங்கமே கட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பயிற்சி முடித்த ஒருவராவது கூட வராமல் பிள்ளைகளை ஓடைக்கரை முகாமுக்கு அனுப்பக்கூடாது என்பது என் இரண்டாவது கோரிக்கை. இதற்கு எதிர்ப்பு வரும். முகாம்களே நின்றுபோகும் என்பார்கள். பயிற்சி பெற்றவர் கிடைக்கும்வரை பள்ளித் திடலிலேயே கூடாரம் போடலாம் என்பது என் பதில்.

அன்புடன்,
சுங்கை பட்டாணியிலிருந்து