தாயுமானவர் வீதியில் ஒரு வாழைத்தார்

எங்கள் மருங்காபுரிப் பக்கத்துக் குடும்பங்களுக்குத் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை புதிய தலமன்று. வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ காலம் நெருங்கினால், ‘தாயுமானவா, தாயாய் நின்று காப்பாற்று, வாழைத்தார் கொண்டுவந்து வைக்கிறோம்’ என்று வேண்டிக்கொள்வதும், தாயும் சேயும் நலமாக வீடு திரும்பியபின் அந்த நேர்த்திக்கடனைச் செலுத்துவதும் தலைமுறைகளாக நடந்துவரும் வழக்கம். சென்ற ஆண்டு தீபாவளிக்குப் பத்து நாட்கள் இருக்கையில், என் தமக்கையாரின் பேத்திக்குச் சுகப்பிரசவம் ஆனதன் பொருட்டு அந்த யாத்திரை எங்களுக்கும் வாய்த்தது.

தமக்கையாருக்கு வயது 78. முழங்கால் வலி உண்டு. ஆயினும், “மலையேறித் தாயுமானவரை என் கண்ணால் பார்த்துத்தான் தாரை வைப்பேன்” என்று ஒரே பிடியாக இருந்தார். கிணற்றடியில் விளைந்த பூவன் தார் ஒன்றை என் மகன் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டான். விடியற்காலையில் மூவரும் புறப்பட்டோம்.

துவரங்குறிச்சிக்கு வந்து மதுரைச் சாலையில் பேருந்து பிடித்தோம். வானம் பார்த்த பூமி. இடையிடையே கிணற்றுப் பாசனத்தில் பச்சை தெரியும். விராலிமலை வந்ததும் தமக்கையார் கைகூப்பினார். அருணகிரிநாதர் பாடிப் பரவிய முருகன் வீற்றிருக்கும் குன்று அது. மயில்களுக்கும் பெயர் பெற்றது. அங்கிருந்து மேலும் வடக்கே சென்றால் திருச்சி.

முன்பெல்லாம் வெளியூர்ப் பேருந்து நகருக்குள்ளேயே வந்து நிற்கும். 2025இல் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டபின், மதுரைச் சாலையில் வருவோர் அங்கே இறங்கி நகரப் பேருந்து மாற வேண்டியிருக்கிறது. நகருக்குள் நெரிசலைக் குறைக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் வயதானவர்களுக்கு ஒரு முறை ஏறி இறங்குவது கூடுகிறது. நாங்களும் மாறி ஏறி, மெயின்கார்டு கேட் வந்து இறங்கினோம்.

கோட்டைக்குள் ஒரு கடைவீதி

மெயின்கார்டு கேட் என்பது பழைய கோட்டையின் எஞ்சி நிற்கும் வாயில். ஒரு காலத்தில் மலையைச் சுற்றி மதிலும் அகழியும் இருந்தன. மதில் இடிபட்டது, அகழி தூர்ந்தது, அகழி இருந்த இடமே இன்று புலிவார்டு சாலை என்று வழங்குகிறது. வாயிலைக் கடந்து உள்ளே சென்றால் தெப்பக்குளம். விசுவநாத நாயக்கர் காலத்துத் திருக்குளம் என்பர். நடுவே நீராழி மண்டபம், பங்குனியில் தெப்போற்சவம். குளக்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் உச்சிப்பிள்ளையார் சந்நிதி வானைத் தொட்டுக்கொண்டு தெரியும்.

தெப்பக்குளத்திலிருந்து மலைவாசலுக்குச் செல்லும் வழிதான் என்.எஸ்.பி. சாலை. நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் பெயர் தாங்கிய வீதி. ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை என்று இருபுறமும் நெருங்கி நிற்கின்றன. நந்திகோவில் தெரு, ஆண்டார் வீதிகள், சின்னக்கடை வீதி, பெரியகடை வீதி எல்லாம் இதனோடு பின்னிக் கிடக்கின்றன. சுற்றுப்பட்ட மாவட்டங்களில் கல்யாணம் என்றால் புடவை எடுக்க மக்கள் இங்கேதான் வருவார்கள். கோயிலுக்கு வருபவரும் கடைக்கு வருபவரும் ஒரே வீதியில்தான் நடக்க வேண்டும்.

தீபாவளி நெருங்கினால் இங்கே எள் போட்டால் கீழே விழாது. அந்நாட்களில் காவல்துறையினர் தடுப்புகளை வைத்து வாகனங்களை வெளியிலேயே நிறுத்திவிடுகின்றனர். பண்டிகைக் காலத்தில் மட்டுமன்றி, ஆண்டு முழுவதுமே இவ்வீதியை நடப்போருக்கென்று ஒதுக்க வேண்டும் என்ற பேச்சும் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. வருவோர் தம் வண்டிகளை விட்டுவிட்டு நடக்கட்டும் என்று மேலப்புலிவார்டு சாலையில் மாநகராட்சி அடுக்குமாடி வாகன நிறுத்தமும் கட்டியிருக்கிறது.

பலத்தைச் செலவழித்த இடம்

மலைவாசல் வரை ஆட்டோவில் போய்விடலாம் என்று எண்ணியிருந்தேன். “தீபாவளி முடியும்வரை உள்ளே விடமாட்டார்கள் அய்யா” என்றார் ஓட்டுநர். தடுப்பருகே நின்ற காவலர் இளைஞர், மரியாதையுடன் பேசினார். “பெரியம்மாவுக்காக ஒரு வண்டியை விட்டால் பின்னாலேயே நூறு வண்டி வரும் அய்யா” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. நடக்கத் தொடங்கினோம்.

வாகனங்கள் இல்லாததால் ஒலிப்பானின் இரைச்சல் இல்லை. இரு சக்கர வண்டி வந்து இடித்துவிடுமோ என்ற அச்சமும் இல்லை. குழந்தைகள் தாயின் கையை விட்டுவிட்டுத் துள்ளி நடந்தன. இவ்வீதி இப்படியே இருக்கலாகாதா என்று முதலில் எனக்குத் தோன்றியது உண்மை.

ஆனால் நூறு அடி நடந்ததும் தமக்கையார் நின்றுவிட்டார். சற்று உட்கார்ந்து எழலாம் என்றால் உட்கார ஓர் இடமில்லை. நடைபாதையில் தரைக்கடைகள், கடை வாசல்களில் ஜனக்கூட்டம், தலைக்கு மேலே வெயில். கூட்டம் அலையாய் வந்து தள்ள, என் தோளைப் பற்றிக்கொண்டு அவர் நின்று நின்று நடந்தார். சில நிமிடங்களில் கடக்கும் தூரத்துக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

மலைவாசலில் மாணிக்க விநாயகர் சந்நிதியை அடைந்ததும் அவர் அப்படியே அமர்ந்துவிட்டார். படிக்கட்டைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “தம்பி, மலையேறுவதற்கென்று சேர்த்து வைத்திருந்த பலத்தையெல்லாம் வீதியிலேயே செலவழித்துவிட்டேனப்பா. இனி என்னால் ஆகாது. நீங்கள் போய் வைத்துவிட்டு வாருங்கள்.”

நானும் மகனும் தாரைச் சுமந்து படியேறினோம். இந்தப் படிவழியில் நெரிசல் என்னும் சொல்லுக்குக் கொடிய பொருள் உண்டு. 1849இல் பிள்ளையார் விழாவின்போது இங்கே கூட்டத்தில் திடீரெனக் கிலி பரவி, நெரிசலில் சுமார் 250 பேர் உயிரிழந்ததைப் பழைய அரசாங்க விவரக் குறிப்புகள் பதிந்து வைத்திருக்கின்றன. கூட்டம் கூடும் குறுகிய வழியில் ஒழுங்கும், அவசரத்துக்கு வெளியேற இடமும் வேண்டும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. வீதியில் வாகனத்தைத் தடுப்பவர்களின் நியாயம் அங்கே எனக்கு நன்றாகவே விளங்கியது.

வர முடியாதவருக்காக வந்தவர்

தாயுமானவர் சந்நிதியில் தாரை வைத்து நின்றபோது தலபுராணம் நினைவுக்கு வந்தது. அன்பர்கள் அறிந்த கதைதான். வணிகர் குலத்து ரத்தினாவதி நிறைமாத கர்ப்பிணி. பேறு பார்க்கப் பூம்புகாரிலிருந்து அவள் தாய் புறப்பட்டு வருகிறாள். காவிரியில் வெள்ளம். கரையைக் கடக்க வழியில்லாமல் தாய் அக்கரையில் தவித்து நிற்கிறாள். மகள் இக்கரையில் வலியால் துடிக்கிறாள். இறைவனே அந்தத் தாயின் வடிவில் வந்து பேறு பார்த்துப் பணிவிடை செய்கிறார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேர்ந்த பிறகே, வந்தவர் யார் என்பது தெரிகிறது.

வழி அடைபட்டவர்களின் தெய்வம் அவர். அவருடைய வாசலிலேயே ஒரு முதியவள் வழி அடைபட்டு அமர்ந்திருக்கிறாள் என்பதுதான் அன்று என் நெஞ்சை உறுத்தியது.

வீதிக்கென்று நம் முன்னோர் ஒரு தருமம் வகுத்திருந்தனர். கோயிலைச் சுற்றிய வீதிகள் தேர் ஓடுவதற்கென்று அமைந்தவை. திருவரங்கத்தில் தைத் தேர் உத்திர வீதிகளிலும் சித்திரைத் தேர் சித்திரை வீதிகளிலும் வலம் வருவதை நாம் கண்டு வருகிறோம். மூலவர் இருக்குமிடத்தில் இருக்க, உற்சவர் ஏன் வீதிக்கு எழுந்தருள்கிறார்? நோயுற்றோர், நடை தளர்ந்தோர், வாசல் வரை மட்டுமே வர இயன்றோர் ஆகியோருக்குத் தாமே சென்று காட்சி தருவதற்காக என்று பெரியோர் சொல்வர். நடப்பவருக்கு இடம் தருவதும், நடக்க இயலாதவரைத் தேடிச் செல்வதும் வீதியின் இரு கடமைகள். ஒன்றைச் செய்துவிட்டு மற்றொன்றை மறந்தால் அந்தத் தருமம் பாதிதான் நிறைவேறும்.

இதைப் பிற ஊர்கள் எவ்வாறு கையாள்கின்றன என்று எண்ணிப் பார்த்தேன். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சூழ்ந்த சித்திரை வீதிகளில் வாகனங்களுக்கு இடமில்லை. பக்தர்கள் நிம்மதியாக வலம் வருகின்றனர். சென்னைப் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அங்கே வாகனங்களை முற்றிலும் விலக்காமல், அவற்றின் வழியைக் குறுக்கி, நடப்போர்க்கு இடத்தைப் பெருக்கி, இருக்கைகளும் அமைத்தனர். தில்லி சாந்தினி சௌக் வீதியில் கௌரி சங்கர் ஆலயமும் சீக்கியர்களின் சீஸ்கஞ்ச் குருத்வாராவும் உண்டு. 2021இல் அவ்வீதியைச் சீரமைத்தபோது, காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வாகனங்களை விலக்கினர்; ஆனால் சைக்கிள் ரிக்ஷாக்களை அனுமதித்தனர். நடக்க இயலாத முதியவர் அதில் ஏறிக் கோயில் வாசலில் இறங்கலாம். அவ்வளவு தூரம் போவானேன்? நம் திருவரங்கம் கோயிலிலேயே முதியோருக்கென்று பேட்டரி கார் ஓடுகிறது.

மலைக்கோட்டை வீதியிலும் இது ஆகாத காரியமன்று. தடுப்பு இருக்கட்டும், தடுப்பிலிருந்து மலைவாசல் வரை முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பேட்டரி வண்டி ஒன்று மெல்லச் சென்று வரட்டும். ஐம்பது அடிக்கு ஒரு கல் இருக்கையும் சிறிது நிழலும் போதும். கடைகளுக்குச் சரக்கு இறக்க அதிகாலையும் இரவும் நேரம் வகுக்கலாம். ஆண்டார் வீதிகளில் குடியிருப்போர் தம் வீட்டு நோயாளியை அழைத்துச் செல்லவும், ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் நுழையவும் ஒரு வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். பூவும் கற்பூரமும் விற்கும் தரைக்கடைக்காரர்களும் இவ்வீதியின் மக்களே. தெருவோர வியாபாரிகளுக்கென்று 2014ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி அவர்களுக்கு உரிய இடத்தை அளந்து கொடுத்துவிட்டால், நடைபாதை நடப்பவருக்கு மிஞ்சும்.

அதுவரை, முதிய அன்பர்கள் தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரங்களைத் தவிர்த்து, கடைகள் திறப்பதற்கு முன்னர் அதிகாலையிலேயே மலைவாசலை அடைந்துவிடுவது நலம். மலைக்கென்று உள்ள பலம் மலைக்கே மிஞ்சும்.

தேர் வந்த நாள்

அன்று நாங்கள் கீழே இறங்கி வந்தபோது, தமக்கையார் மாணிக்க விநாயகரைப் பார்த்தபடியே இருந்தார். பிரசாதத்தைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். “அந்தத் தாய் அக்கரையில் நின்றாள், நான் படிக்குக் கீழே இருந்தேன். அவருக்கு இரண்டும் ஒன்றுதான்” என்றார். குறையாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வருகையில் பேருந்தில் நெடுநேரம் பேசாமலே இருந்தார்.

இந்த ஆண்டு சித்திரைத் தேரோட்டத்துக்கு மீண்டும் அவரை அழைத்துச் சென்றேன். முதல் நாளே திருச்சிக்கு வந்து உறவினர் வீட்டில் தங்கி, விடிவதற்கு முன்பே ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டோம். சிறிது நேரத்தில் வீதியில் வாகனங்கள் நின்றன. கடைக்காரர் ஒருவர் தமக்கையாரைப் பார்த்துவிட்டு, நாங்கள் கேளாமலே, தம் கடை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டார். “உட்காருங்கள் அம்மா. தேர் இப்படித்தான் வரும்” என்றார்.

வடத்தைப் பிடித்தோர் ஆயிரக்கணக்கில் நடந்து வந்தனர். அதே வீதி, அதே கூட்டம், வாகனம் ஒன்றுமில்லை. தேர் அசைந்து வந்து அவருக்கு நேரே சற்று நின்றது. தமக்கையார் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். “பேத்தி சௌக்கியம், குழந்தையும் சௌக்கியம்” என்று, ஊரிலிருந்து வந்த உறவினரிடம் சொல்வதுபோல், தாயுமானவரிடம் சொன்னார்.