கத்தினால்தான் வலியா?

எங்கள் தெருவில் பிறந்து, எங்கள் வீட்டுத் திண்ணையைத் தனக்கென்று எழுதி வாங்கிக்கொண்டவள் செம்பி. இரண்டு வயது நாட்டு நாய். போன தை மாதம் அவளுக்குக் கருத்தடை ஆபரேஷன். காலையில் மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், மாலையில் பழைய வேட்டியில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தோம். வெளியே தெரிந்தது இரண்டு அங்குலத் தையல்தான். உள்ளே கருப்பையையும் சூலகங்களையும் எடுத்திருந்தார்கள்.

அன்றிரவு அவளிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை. "கெட்டிக்காரி, வலியே இல்லை போல" என்றேன். என் மனைவி மட்டும் நாற்காலியைப் போட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். செம்பி மூலையில் முதுகைக் கூனி நின்றிருந்தாள். தூக்கத்தில் கண் செருகும், பின்னங்கால் மடியும், வயிறு தரையில் படும் முன்பே திடுக்கென்று நிமிர்ந்துவிடுவாள்.

"படுக்க மாட்டேங்குது பாருங்க. வயிறு இழுக்குது."

"வலிச்சா கத்தாதா?"

"எனக்குக் கர்ப்பப்பை எடுத்தப்போ நான் கத்தினேனா?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. அது 1998. பத்தாம் நாளே தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாள். இவளுக்கு நோவே தெரியாது என்று உறவுக்காரர்களிடம் பெருமை பேசியவன் நான்.

குற்ற உணர்ச்சியில் அவசரம் வந்தது. என் முதுகுவலிக்கு வைத்திருந்த ஐபுபுரூஃபென் மாத்திரையில் கால் துண்டு உடைத்தேன். மனைவி கையைப் பிடித்து நிறுத்தி, டாக்டருக்குப் போன் போடச் சொன்னாள். நல்லவேளை. அந்த மாத்திரை நாய்க்கு வயிற்றில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்றார் அவர். பாராசிட்டமாலையும் நம் இஷ்டத்துக்குக் கொடுக்கக் கூடாதாம். பூனைக்கோ அது உயிரையே எடுக்கும்.

மறுநாள் காலை போனபோது ஓர் ஊசி போட்டு, மெலாக்சிகாம் எழுதிக் கொடுத்தார். எடை பார்த்துத்தான் அளவு. நாளுக்கு ஒருமுறை, சாப்பிட்ட பிறகு. வாந்தி எடுத்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ உடனே நிறுத்திவிட்டுத் தன்னைக் கூப்பிடச் சொன்னார். மாலையில் அவள் வாலாட்டியதைப் பார்த்து, "இனி மாத்திரை எதுக்கு?" என்று டாக்டரிடம் கேட்டேன். "வாலாட்டுறது உங்களுக்காக, ஐயா. வலி ஏறின பிறகு இறக்குறது கஷ்டம். அதனாலதான் கத்தி வைக்கும் முன்னாடியே ஊசி போடுறோம்" என்றார்.

வாய் பேசாத உயிரின் வலியை அளக்கவும் ஒரு வழி உண்டு என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வகுத்த கேள்விப் பட்டியல் அது. முனகுகிறதா, காயத்தை நக்குகிறதா, நடை எப்படி, தையலைச் சுற்றித் தொட்டால் என்ன செய்கிறது, முகம் வாடியிருக்கிறதா, எப்படி நிற்கிறது, படுக்கிறது என ஆறு பகுதிகள். மொத்தம் 24 மதிப்பெண். 6 வந்துவிட்டாலே வலிமருந்து பற்றி யோசிக்க வேண்டும். அந்த ஆறில் சத்தம் ஒன்றுதான். மற்ற ஐந்தும் உட்கார்ந்து கவனிக்கிறவருக்கு மட்டுமே தெரியும். என் மனைவி பட்டியல் இல்லாமலே அதைச் செய்திருந்தாள்.

பிறகு வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். நக்காமலிருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் புனல். அதோடு அவள் கதவில் எல்லாம் முட்டினாள். திண்ணையில் தாவக் கூடாது, ஓடக் கூடாது, குளிப்பாட்டக் கூடாது. தையல் வீங்குகிறதா, நீர் கசிகிறதா, ஈறு வெளுக்கிறதா என்று காலையும் மாலையும் பார்ப்பது என் பொறுப்பு. மூன்றாம் நாள் ஒருக்களித்துப் படுத்து, காலை நீட்டிக் குறட்டை விட்டாள். நாங்களும் அன்றுதான் தூங்கினோம். பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள்.

பிள்ளைகளே, பொறுமைசாலி என்று வீட்டில் யாருக்காவது பட்டம் கொடுத்து வைத்திருந்தால், கொஞ்சம் யோசியுங்கள். அந்தப் பட்டம் பெரும்பாலும் நாம் கேட்காமலிருப்பதற்கு நாமே எழுதிக்கொண்ட சீட்டு.

மனைவிக்கு இப்போது முழங்கால் வலி. "எப்படி இருக்கு?" என்று தினமும் கேட்கிறேன். "ஒண்ணுமில்லை" என்கிறாள். அதைக் காதில் வாங்கிக்கொண்டு, அவள் மாடிப்படி ஏறுவதைப் பார்க்கிறேன்.