எந்தக் கணினி ஏட்டில் ஏறும்?

அச்சேறிய எழுத்துக்கு நம்மவர் கொடுக்கும் மரியாதை பெரிது. சரஸ்வதி பூசையன்று நூல்களை அடுக்கிப் பூச்சூட்டி வணங்கும் பரம்பரையில் வந்த நமக்கு, பத்திரிகையில் ஒன்று வந்துவிட்டால் அதனை ஐயுறுவதற்கு மனம் எளிதில் இடங்கொடுப்பதில்லை. அதனாலேதான், கணினிச் சஞ்சிகை ஒன்று ‘சிறந்த பத்து’ என்று பட்டியல் வெளியிட்டால், அந்தப் பத்தும் அங்கே எப்படி வந்தன, பதினோராவது ஏன் வரவில்லை என்று எவரும் கேட்பதில்லை.

கல்லூரியிலே கற்பிக்கும் நம்மைத் தேடி, உயர்தரப் பரீட்சை முடிந்ததும் பெற்றோர் சிலர் வருவதுண்டு. அவர்களுள் ஒருவர் பேசாலைக் கடற்றொழிலாளர். மகளின் மேற்படிப்புக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்துடன் வந்தவர், ஒரு சஞ்சிகைப் பக்கத்தை நம்முன் விரித்தார்.

“சேர், இதில முதலாவதாப் போட்டிருக்கிற லப்டொப்பை வாங்கினால் சரிதானே?”

“அண்ணை, அது ஏன் முதலாவதாக வந்தது என்று முதலில் பார்ப்போம்” என்றோம். அவருக்குச் சுருக்கமாகக் கூறியதை இங்கே சற்று விரித்துக் கூறுகின்றோம்.

மாதந்தோறும் புதிய கணினிகள் பல வெளிவருகின்றன. சஞ்சிகைக்கோ பக்கங்கள் சில. ஆகவே தேர்வு தவிர்க்க முடியாதது. முதலாவது நிபந்தனை, கணினி ஆசிரியரின் மேசைக்கு வந்து சேரவேண்டும் என்பது. பெரும்பாலும் சஞ்சிகைகள் அதனை விலைகொடுத்து வாங்குவதில்லை. உற்பத்தியாளர் சில நாட்களுக்கோ சில வாரங்களுக்கோ இரவலாக அனுப்புவதைப் பரிசோதித்துத் திருப்பிக் கொடுக்கின்றன. இரவல் கொடுக்க வசதியுள்ள பெரிய நிறுவனம் பந்திக்கு முந்திவிடுகிறது. இரண்டாவது, காலம். மாத இதழ் கடைக்கு வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே எழுத்து வேலை முடிந்தாக வேண்டும். ஆதலால், ‘இன்ன திகதிக்கு முன் வெளியிடலாகாது’ என்ற உடன்பாட்டின்பேரில் முற்கூட்டியே கைக்கு வரும் கணினிக்கு இடம் எளிதாகிறது. மூன்றாவது, புதுமை. சென்ற ஆண்டின் நல்ல கணினியைவிட இவ்வாண்டின் சாதாரணக் கணினியே அட்டைப்படத்துக்கு ஏற்றது! நான்காவது, விளம்பரம். நேர்மையான ஆசிரியர்கள் விளம்பரத்தையும் மதிப்புரையையும் வேலியிட்டுப் பிரித்தே வைக்கின்றனர்; ஆயினும் இதழின் வாழ்வே விளம்பரத்தில் தங்கியிருக்கும்போது, அந்த வேலியைக் காப்பது எளிதன்று.

இத்தேர்வின் விசித்திரத்தை விளக்கப் பழைய வரலாறு ஒன்று உண்டு. 1974 யூலையில் அமெரிக்காவின் ‘ரேடியோ எலக்ட்ரோனிக்ஸ்’ சஞ்சிகை, ஆர்வலர் தாமே அமைத்துக்கொள்ளக்கூடிய ‘மார்க்-8’ என்னும் கணினியை வெளியிட்டது. போட்டிச் சஞ்சிகையான ‘பொப்பியூலர் எலக்ட்ரோனிக்ஸ்’ வாளாவிருக்குமா? அதுவும் ஒரு கணினியைத் தேடிற்று. அல்புகேர்க்கி நகரின் ‘மிட்ஸ்’ என்ற சிறு நிறுவனம் ‘அல்டெயர் 8800’ என்ற கணினியை அமைத்து நியூயோர்க்குக்கு அனுப்பியது. அது வழியிலே தொலைந்துபோயிற்று! ஆகவே 1975 சனவரி இதழின் அட்டையை அலங்கரித்தது, கணினியல்ல, வெறும் பெட்டியே. ஆயினும், 397 டொலர் விலை குறித்த அந்த உறுப்புத் தொகுதிக்குச் சில மாதங்களில் ஆயிரக்கணக்கானோர் பணம் அனுப்பினர். அவ்விதழைக் கண்ட போல் அலனும் பில் கேட்ஸும் அக்கணினிக்கென மென்பொருள் எழுதினர். மைக்ரோசொப்ட் நிறுவனம் அவ்வாண்டிலேயே பிறந்தது.

இதற்கு எதிர்மாறான கதை நமது அயல்நாட்டிலே நிகழ்ந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் பொறியியலாளர்களும் கூடி, எழுத்தறியாதவரும் கையாளத்தக்க ‘சிம்பியூட்டர்’ என்னும் சிறு கைக்கணினியை 2001இல் அறிவித்தனர். உலகப் பத்திரிகைகள் அதனைப் புகழ்ந்தன. 2004இல் அது பொதுச் சந்தைக்கு வந்தது. விற்றவையோ சில ஆயிரமே. ஏட்டில் இடம்பெறுதல் வேறு, வீட்டில் இடம்பெறுதல் வேறு என்பதை இவ்விரண்டு கதைகளும் காட்டுகின்றன.

நிற்க. சஞ்சிகைகளே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஆங்கிலம் அறியாத எத்தனையோ இளைஞருக்குக் கணினியை அறிமுகம் செய்துவைத்தவை, சென்னையிலிருந்து வந்த ‘தமிழ் கம்ப்யூட்டர்’ இதழும், ‘தினமலர்’ நாளிதழின் இணைப்பான ‘கம்ப்யூட்டர் மலரும்’ போன்றவையே. ஆனால், அவ்வாசிரியர்களுள் எவருடைய மேசையும் மன்னார்த் தீவில் இருந்ததில்லை. சோளகக் காற்று உப்பையும் மணலையும் ஒருங்கே வாரிவரும் தலைமன்னார்க் கரையில், மூன்றாம் ஆண்டிலும் அக்கணினியின் விசிறி சுழலுமா? மூடியின் பிணைச்சல் துருவேறாதிருக்குமா? 2022இல் நிகழ்ந்ததுபோல நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றால் மாணவி எவ்வாறு படிப்பாள்? சில நாள் இரவல் வாங்கிப் பார்த்தவர் இவற்றுக்கு விடை கூற இயலாது. விலையும் அத்தகையதே. அதே 2022இல், ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபாவைத் தொட்டது. அமெரிக்க இதழ் ‘மலிவு’ என்று எழுதிய கணினி, இங்கே ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பாயிற்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்?

கையெழுத்துச் சஞ்சிகை நடத்துவது நமது கல்லூரி மாணவர்க்குப் புதிதன்று. எருக்கலம்பிட்டி, தாழ்வுபாடு, பள்ளிமுனை, பேசாலை, தலைமன்னார் என்று ஊர் ஊராகச் சென்று, கணினியுள்ள வீடுகளில் நான்கே கேள்விகள் கேட்டு எழுதலாம்: வாங்கியது எந்த ஆண்டு? கொடுத்த விலை என்ன? முதலிற் பழுதான உறுப்பு எது? அதனைத் திருத்த எத்தனை ரூபா, எத்தனை நாள்? அந்த ஏட்டிலே இரவல் கணினி ஒன்றும் இராது. அத்தனையும் நம்மவர் தம் பணம் கொடுத்து வாங்கி, நமது காற்றிலே வைத்துப் பார்த்தவையாக இருக்கும். அடுத்து வாங்கப்போகும் குடும்பத்துக்கு அதைவிடப் பயன்தரும் மதிப்புரை வேறெங்கும் கிடையாது. மாணவர்களே, வரும் விடுமுறையிலேயே தொடங்குங்கள்.