பங்குனியில் தேடிய பாட்டு

மாசி 29

அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வலது கையும் காலும் வழங்கவில்லை. மூளையின் இடப்பக்கம் ரத்தம் அடைபட்டதால் பேச்சும் போய்விட்டது என்றார் டாக்டர். நாம் சொல்வது புரிகிறது. வாயில் மிஞ்சியிருப்பது ‘ஆமா’ மட்டும். பசிக்குதா என்றால் ஆமா. பசிக்கலையா என்றாலும் ஆமா. பிறகு கோபத்தில் இடது கையால் கட்டிலை அடிக்கிறார்.

பங்குனி 3

பேச்சுப் பயிற்சி தருகிற பெண் கேட்ட முதல் கேள்வி, “பாடுவாரா?”

அப்பா நாற்பது வருடம் வில்லுப்பாட்டில் வில்லடித்தவர். பாறசாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கோயில் கொடை என்றால் அப்பாவின் வில்தான். பேச வராத பலருக்குப் பாட வரும், இசையில் மூளையின் வலப்பக்கத்துக்கும் பங்குண்டு என்று அந்தப் பெண் விளக்கினார். இதை வைத்து 1973இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் ஒரு பயிற்சி முறையே வகுத்தார்களாம். “பழகின பாட்டைப் போடுங்க, கூடவே பாடுங்க.”

‘இரவிக்குட்டிப்பிள்ளை போர்’ கதைப்பாட்டு அப்பாவுக்கு விடிய விடியப் பாடுகிற அளவுக்கு மனப்பாடம். ஆனால் எங்கள் வீட்டில் அவர் குரலின் பதிவு எதுவும் இல்லை. வீசுகோலும் உடுக்கும் பரணில் இருக்கின்றன.

பங்குனி 4

ஒன்றும் எழுத ஓடவில்லை.

பங்குனி 9

வீட்டுக்குள்ளேயே அடைத்து வைக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னதால் மச்சானின் காரில் அப்பாவை ஏற்றிக்கொண்டு வெள்ளறடை வழியாக ஆறுகாணிக்குப் போனோம். இலையுதிர்த்து நின்ற ரப்பர் மரமெல்லாம் தளிர்த்துவிட்டது. தளிர் செம்பு நிறம், வெயில் பட்டால் மலைச்சரிவே பளபளக்கிறது. தேன் ஊறுவது பூவில் அல்ல, அந்தத் தளிரின் காம்பில். மார்த்தாண்டம் தேன் பெரும்பாலும் இதுதான். தோட்டம் தோட்டமாகத் தேன்பெட்டி வைத்திருக்கிறார்கள். குருசுமலைக்கு யாத்திரையாக ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அப்பா கண்ணாடியை இறக்கச் சொல்லிச் சைகை காட்டினார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் முகம் இளகிப் பார்த்தது அப்போதுதான்.

ஆறுகாணியில் அப்பாவுக்குக் குடம் அடித்த மாமா இருக்கிறார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. கிளம்பும்போது என்னிடம், “கொல்லங்கோட்டுல மைக் செட்டுக்காரன் அப்பா பாட்டை கேசட்டுல பிடிச்சு வச்சிருந்தான் மக்களே. போய்க் கேளு.”

பங்குனி 12

அப்பாவுக்குக் காய்ச்சல். அம்மா தூங்கவில்லை.

பங்குனி 20, பரணி

கொல்லங்கோட்டில் தூக்கத் திருவிழா. அது நடக்கிற வெங்கஞ்சிக்குப் போகிற வழியெல்லாம் கூட்டம். பிள்ளை வரம் கேட்டுப் பெற்றவர்கள் கைக்குழந்தையோடு வரிசையில் நிற்கிறார்கள். தூக்க வில் உயர்கிறது, அதில் தொங்கும் தூக்கக்காரர்கள் ஆளுக்கொரு குழந்தையை ஏந்தியபடி கோயிலைச் சுற்றி வருகிறார்கள். இறங்கிய குழந்தையை வாங்குகிற தாயின் கை நடுங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த நடுக்கத்தை எனக்கு இப்போது தெரியும்.

மைக் செட்டுக்காரர் காலமாகிவிட்டார். அவர் மகன் பழைய பெட்டியைக் கிளறி ஒரு கேசட் எடுத்துத் தந்தான். காசு வாங்கவில்லை.

பங்குனி 22

நாடாவில் பூஞ்சை. இரைச்சல். நடுவே குடத்தின் சத்தம், அப்புறம் அப்பா! கணீரென்ற குரல், போருக்குப் போகாதே என்று தாய் தடுக்கிற இடம். கட்டிலில் இருந்தவர் இடது விரலால் தாளம் போட்டார். ஒவ்வொரு அடிக்கும் பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுகிற இடத்தில் அப்பாவும் போட்டார். ஒன்றும் தப்பவில்லை. அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் நாடா சிக்கி அறுந்தது.

பங்குனி 23

அறுந்த நாடாவை ஒட்டி மீதியைப் போடவா என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பங்குனி 28

அப்பாவின் கொடை நோட்டைப் புரட்டினேன். 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நோட்டில் அந்த எல்லைக்கோடே இல்லை, இரண்டு தாலுகா ஊர்ப்பெயரும் கலந்து கிடக்கின்றன. அங்கே வில்லடிச்சாம்பாட்டு, இங்கே வில்லுப்பாட்டு. முன்பணம் வாங்கிய இடங்கள் பாதிக்கு மேல் அந்தப் பக்கம்.

நோட்டிலுள்ள இந்த ஊர்களில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ கோயில் அறையிலோ கொடைப் பாட்டு கேசட் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டிப் பார்க்க வேண்டாம், அறுந்துவிடக்கூடும். நாடா சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் முதலில் கொடுங்கள். யார் பாடியதாக இருந்தாலும் சரி, காத்து வையுங்கள்.