டொலர் குறிக்குள் ஒரு பின்னம்

பிலிமத்தலாவையில் ஒரு வீட்டு முன்னறை. உயர்தர இணைந்த கணிதத்துக்குத் தமிழில் குறிப்பு அடிக்க நாலு பேர் உட்கார்ந்தோம். விளக்கம் மளமளவென்று போகும், பின்னம் வந்தால் எல்லாம் நின்றுவிடும்.

நாங்கள் பயன்படுத்தும் இணைய எடிட்டரில் கணிதத்துக்கு இரண்டு பக்கமும் டொலர் குறி போடணும். 1977-இல் டொனால்ட் க்னூத் தன் நூலின் அச்சுப் படியைப் பார்த்து மனம் நொந்து தொடங்கிய 'டெக்' மென்பொருளின் வழக்கம் அது. கணிதத்தை அச்சுக்கோப்பது செலவான வேலை, அதனால்தானாம் டொலர். எங்களுக்குச் செலவு வேற மாதிரி. நெளி அடைப்பு இருக்கிற விசைகளில் தமிழ் 99 முறையில் ச, ஞ இருக்கு. ஒவ்வொரு பின்னத்துக்கும் ஆங்கிலத்துக்கு மாறி, திரும்ப தமிழுக்கு வரணும். அலுத்துப்போய் கையால் எழுதிப் படம் பிடித்து ஒட்டினோம். படத்தில் ஒரு கழித்தல் குறி பிழைத்தால் முழுதையும் திரும்ப எழுதணும். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்கு அதை வாசித்துக் காட்ட மென்பொருளாலும் முடியாது.

எடிட்டர் திறந்த மூலம் என்பதால் குறுக்குவழி ஒன்றைச் சேர்த்தோம். கொன்ட்ரோலும் எம் விசையும் அழுத்தினால் டொலர், பின்னத்தின் சட்டம் எல்லாம் வந்து, கேர்சர் மேல் எண்ணில் நிற்கும். இருபது வரி நிரல்கூட இல்லை. ஆங்கிலத்தில் அழகா வேலை செய்தது. தமிழுக்கு மாறி அழுத்தினோம். ஒன்னும் நடக்கல!

ஒரு பின்னேரம் முழுக்க மண்டையை உடைத்தோம். நிரல் 'எம்' என்ற எழுத்தைக் காத்திருந்தது. தமிழ் 99-இல் அந்த விசை தருவது ர, பாமினி முறையில் அ. யாருக்காகச் செய்தோமோ அவர்களுக்கு மட்டும் அது வேலை செய்யாது. எழுத்தைப் பார்க்காமல் விசை இருக்கும் இடத்தைப் பார்க்கச் சொன்னதும் சரியானது. எக்ஸ், வை எழுத இன்னும் மாறத்தான் வேணும். சூத்திரத்துக்குள் 'எனில்' மாதிரித் தமிழ்ச் சொல் போட்டால் பக்கத்து இடைவெளி மறைந்துவிடுது, அதற்குத் தனிக் கட்டளை கொடுக்கணும்.

குறிப்பைப் படிக்கப்போற பிள்ளைகளில் ஒருத்தி பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணா, போனில கொன்ட்ரோல் எங்க இருக்கு?"

இந்தக் கிழமை பொத்தான் வைக்கிற வேலை நடக்குது.