ஓபன் துறைமுகத்தில் ஓர் உடை

ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையிலே ஓபன் என்னும் சிறு துறைமுக நகரம் உள்ளது. எதிரே கெரெரா என்னும் தீவு நீண்டு கிடந்து அலைகளைத் தடுப்பதால், அதன் குடாக்கடல் குளம்போல அமைதியாயிருக்கும். அப்பால் மல் தீவின் மலைகள். நான் சென்றது ஒரு மே மாதத்தில். வெயில் இதமாயிருந்தது, கரையில் மக்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு ஐஸ்கிறீம் சுவைத்துக்கொண்டிருந்தனர்.

"இந்த வெயிலை நம்பிவிடாதீர்கள், மாமா" என்றான் என் மருமகன்.

கிளாஸ்கோவிலே படிக்கும் அவனுக்குக் கயாக் என்னும் ஒடுங்கிய ஓடத்திலே கடலிற் செல்லும் பித்துப் பிடித்திருந்தது. அவனைத் தடுக்கும்படி என் தங்கை வேண்டியிருந்தாள். தடுக்க இயலாதென்று கண்டபின், தக்க உடையொன்றையாவது வாங்குவிப்போம் என்று உடன்சென்றேன்.

மே மாதத்தில் அக்கடல்நீர் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் குளிர்ச்சியுடையது. உடற்சூட்டை நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகக் கவர்ந்துவிடும். திடீரென விழுந்தவனுக்கு முதலில் நேர்வது நடுக்கமன்று. தன்னையறியாமல் வாய் திறந்து மூச்சை இழுப்பான். அவ்வேளை தலை நீருக்குள் இருந்தால் அதுவே முடிவு. கடுங்குளிர் நீரில் மூச்சு நிலைப்பட ஒரு நிமிடம், கைவிரல்கள் சொற்கேட்கும் காலம் 10 நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி நேரம் என்று தோராயமாகக் கணக்கிட்டுச் சொல்வர். ஆதலால் அங்கே உடை உடுப்பது வெயிலைப் பார்த்தன்று, நீரைப் பார்த்தே.

கயாக்கை ஆக்கிய வடதுருவ மக்கள் இதனை நன்கறிந்திருந்தனர். கிறீன்லாந்து வேட்டைக்காரர் கடல்நாய்த் தோலாற் செய்த அங்கியை முகத்தைச் சுற்றியும் மணிக்கட்டிலும் இறுகக் கட்டி, கீழ்விளிம்பை ஓடத்தின் வாய்வளையத்தோடு பிணைத்துக்கொண்டனர். அவ்வினத்தவரின் ஓடமொன்று அபர்டீன் பல்கலைக்கழகத்திலே பாதுகாக்கப்படுகிறது. அதில் வந்த மனிதன் உயிரோடு கரைசேர்ந்து, சிறிது காலத்தில் இறந்தான் என்று 18ஆம் நூற்றாண்டுக் குறிப்பொன்று கூறுகிறது.

கடையில் இருவகை உடைகள் இருந்தன. வெற்சூட் நுரைபோன்ற இறப்பராலானது, உள்ளே புகும் சிறிதளவு நீரை உடற்சூட்டால் வெதுவெதுப்பாக்கி வைத்துக்கொள்ளும், விலையும் குறைவு. டிரைசூட் நீரை உள்ளே விடுவதில்லை. ஆயினும் அது தானாகச் சூடு தராது. உள்ளே கம்பளி உடுக்கவேண்டும். பருத்தி ஈரத்தை உறிஞ்சிக் குளிர்ந்து கிடக்கும் என்று விலக்குகிறார்கள். பருத்தி வேட்டியிலேயே வாழ்ந்த எனக்கு இது சற்று மனத்தாங்கலே.

டிரைசூட்டின் கழுத்திலும் மணிக்கட்டிலும் மெல்லிய இறப்பர்ப் பட்டைகள் உள்ளன. கடைக்கார அம்மையார் அதை அணிவித்து அவனைக் குந்தச் செய்தார்; கைகளைத் தலைக்குமேல் உயர்த்தச் செய்தார். எங்கேனும் இழுத்துப் பிடித்தால் அளவு போதாது. கழுத்துப் பட்டையை விரலால் விலக்கிக் குந்தியபோது, அடைபட்ட காற்றுச் சீறிக்கொண்டு வெளியேறியது. இவ்வுடை அணிந்தாலும் மிதப்புச் சட்டை அவசியம் என்பதை அவர் இருமுறை சொன்னார்.

சிக்கல் சிப்பில்தான் எழுந்தது. ஒன்றிற்குச் சிப் முதுகிலே, தோளுக்குக் குறுக்காக இருந்தது. பிறர் துணையோடு பூட்டுவதே வழக்கம். மற்றதற்கு மார்பிலே சாய்வாக இருந்தது, தானே பூட்டலாம், விலை கூடியது. நான் முதலாவதையே வற்புறுத்தினேன். பணத்துக்காகவன்று. பூட்டிவிட ஒருவர் வேண்டுமாயின் அவன் தனியே கடலிற் போகமாட்டான் அல்லவா?

என் கருத்தை அம்மையார் ஊகித்திருக்கவேண்டும். "முதுகுச் சிப் இரண்டு அங்குலம் திறந்து கிடந்தாலும் அணிந்தவர் கண்ணுக்குத் தெரியாது. நீர் புகுந்த பின்புதான் தெரியும்" என்றார். நான் பேசாமலிருந்தேன். மார்புச் சிப் உள்ளதையே வாங்கினோம். மேற்பட்ட தொகையை நான் கொடுத்தேன்.

அன்று மாலையே ஊருக்கு வெளியேயுள்ள மணற்கரையில் பரீட்சை நடந்தது. அவன் மெல்ல மெல்லக் கழுத்தளவு நீரில் இறங்கி நின்றான். நான் கரையில் குந்தி என் வலக்கையை நீரில் அமிழ்த்திக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் எலும்புவரை வலித்தது, எடுத்துவிட்டேன். அவனோ கால்மணி நேரம் நின்று, சிரித்துக்கொண்டே கரையேறினான்.

உடையைக் கழற்றி, உள்ளிருந்த கம்பளியை இருவரும் தடவிப் பார்த்தோம். எங்கும் உலர்வு. இடது மணிக்கட்டில் மட்டும் ஒரு நாணயமளவு ஈரம். கையை இறுகப் பொத்தும்போது நரம்பு புடைத்து, பட்டைக்கடியில் வழி விடுகிறதாம்.

இரவு தங்கை தொலைபேசியில் கேட்டாள்: "அண்ணா, நனைந்தானா?"

"இல்லை" என்றேன். மணிக்கட்டைப் பற்றிச் சொல்லவில்லை.