கிடாரைக் கண்ணால் பார்க்காதீர்கள்... கட்டைவிரலைக் கேளுங்கள்! டோக்கியோவின் இசைத் தெருவில் ஒரு நாள்

டோக்கியோ ஸ்டேஷனில் ஆரஞ்சுப் பட்டை போட்ட சுவோ லைன் ரயிலில் ஏறினால், இரண்டாவது நிறுத்தம் ஒச்சனோமிஸு. ஐந்து நிமிடம்கூட ஆகாது. பெயருக்கு 'தேநீர்த் தண்ணீர்' என்று அர்த்தம். எடோ காலத்தில் இங்கிருந்த கோயில் ஒன்றின் ஊற்றுநீரைத்தான் ஷோகனின் தேநீருக்கு எடுத்துப்போவார்கள் என்பது ஊர்க்கதை.

ஸ்டேஷனை ஒட்டி, ஆழமான பள்ளத்தில் காண்டா ஆறு ஓடுகிறது. பக்கத்திலுள்ள ஹிஜிரி பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றால், ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு என மூன்று தடங்களின் ரயில்கள் மேலும் கீழுமாகக் கடந்துபோவதைப் பார்க்கலாம். போட்டோ எடுக்க எப்போதும் நாலு பேர் நிற்கிறார்கள். அந்தப் பக்கம் 1891-ல் கட்டி முடிக்கப்பட்ட நிகோலாய் தேவாலயத்தின் பச்சை நிறக் குவிமாடம்.

ஆனால், நாங்கள் போனது ஆற்றுக்கும் தேவாலயத்துக்கும் அல்ல. ஸ்டேஷனிலிருந்து தெற்கே சரிவாக இறங்கும் மெய்தாய்-தோரி என்ற சாலைக்கு. மெய்ஜி பல்கலைக்கழகம் இந்தச் சாலையில் இருப்பதால் அந்தப் பெயர். உலகம் முழுவதும் கிடார் வாசிப்பவர்களுக்கோ இது 'கிடார் தெரு'!

தெரு முழுக்கத் தந்தி

நம்மூரில் நகைக்கடைத் தெரு, பாத்திரக்கடைத் தெரு இருப்பதுபோல இங்கே கிடார் கடைகள். ஒல்லி ஒல்லியான கட்டடங்கள். ஒரு மாடியில் அகூஸ்டிக், அடுத்த மாடியில் பேஸ், அதற்கு மேல் எலெக்ட்ரிக், இன்னொரு மாடியில் பழைய கிடார்கள். தரையிலிருந்து கூரை வரை தொங்குகின்றன. சில கடைகள் வாசலில் நடைபாதை ஓரத்திலேயே வரிசையாக நிறுத்திவைத்திருக்கின்றன.

ஜப்பானுக்கு இந்த மோகம் வந்தது 1960-களில். 1965-ல் அமெரிக்காவின் 'தி வென்ச்சர்ஸ்' குழு இங்கே வந்து கச்சேரி செய்ய, எலெக்ட்ரிக் கிடார் காய்ச்சல் நாடெங்கும் பரவியது. அதை 'எலெகி பூம்' என்றார்கள். அதே ஆண்டு யூஸோ கயாமா நடித்து, எலெக்ட்ரிக் கிடாரை மையமாக வைத்து ஒரு சினிமாவே வந்தது. வாங்குவதோடு நிற்காமல் ஜப்பான்காரர்கள் செய்யவும் கற்றுக்கொண்டார்கள். மலைகள் சூழ்ந்த மாட்சுமோட்டோ நகரில் 1960-ல் தொடங்கிய ஃபுஜிகென் தொழிற்சாலை, 1982-லிருந்து 'ஃபென்டர் ஜப்பான்' நிறுவனத்துக்கே கிடார் செய்துகொடுத்தது. அந்தக் காலத்து ஜப்பான் கிடார்களைத் தேடி இன்றும் வெளிநாட்டுக்காரர்கள் இந்தத் தெருவுக்கு வருகிறார்கள்.

"என் கைதான் சரியில்லையா மாமா?"

நான் போனது என் தங்கை மகளுக்காக. சென்னையில் கல்லூரி முதலாமாண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து, இரண்டு வருடம் சேர்த்த காசு. எங்கள் கணக்கில் 90,000 யென் வரை போகலாம். நம் பணத்தில் சுமார் 50,000 ரூபாய்.

அவளுக்கு ஒரு பிரச்னை. உள்ளங்கை வேர்க்கும். தோழியின் கிடாரில்தான் பழகினாள். நெக்கின் பின்பக்கம் கண்ணாடிபோலப் பளபளக்கும் கிடார் அது. சென்னை வெயிலில் பத்து நிமிடம் வாசித்தால், கட்டைவிரல் அந்தப் பூச்சில் ஒட்டிக்கொள்ளும். ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்குக் கை நகர்வதற்குள் தாளம் போய்விடும். பவுடர் போட்டுப் பார்த்தாள். கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து வாசித்தாள். சொல்லிக்கொடுத்தவர், "பயிற்சி பத்தலைம்மா" என்று முடித்துவிட்டார்.

ரயிலில் வரும்போது மெதுவாகக் கேட்டாள். "என் கைதான் சரியில்லையா மாமா? இவ்வளவு காசு போட்டு வாங்கி, அதுலயும் இப்படியே ஆச்சுன்னா?"

அதற்குப் பதில் கடையில்தான் கிடைத்தது.

ரெக்ஸின் சோஃபாவும் கோரைப் பாயும்

கிடாரின் நெக் பெரும்பாலும் மேப்பிள் அல்லது மஹோகனி மரம். மேப்பிள் மரத்தை வெறுமையாக விட்டால் வியர்வையும் அழுக்கும் ஏறிக் கறுத்துப்போகும். ஈரத்தில் வளையவும் செய்யும். அதனால் பூச்சு அவசியம்.

அந்தப் பூச்சில்தான் வித்தியாசம். பளபளப்பான பூச்சு மிக மிக வழவழப்பானது. வழவழப்பாக இருந்தால் கை வழுக்கிக்கொண்டு போகவேண்டும் அல்லவா? கை காய்ந்திருக்கும்வரை போகும். வியர்த்துவிட்டால் தோல் முழுவதுமாகப் படிந்து ஒட்டிக்கொள்ளும். மே மாதத்தில் ரெக்ஸின் சோஃபாவில் உட்கார்ந்து எழுந்தால் எப்படி இருக்கும், அதுபோல.

சாட்டின் ஃபினிஷ் என்பது மங்கலான பூச்சு. பூச்சுக் கலவையில் சிலிக்கா போன்ற மிக நுண்ணிய துகள்களைச் சேர்ப்பார்கள். காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் உண்டாகும். ஒளி சிதறுவதால் பளபளப்பு குறைகிறது. தோல் முழுமையாகப் படியாததால் ஒட்டுவதும் குறைகிறது. கோரைப் பாயில் முதுகு ஒட்டுவதில்லையே, அதுபோல!

ஃபென்டரின் 'பிளேயர்' வரிசையில் நெக்கின் பின்பக்கம் சாட்டின்தான். மியூசிக் மேன் கிடார்கள் பலவற்றில் பூச்சுக்குப் பதிலாக எண்ணெயும் மெழுகும் தேய்த்திருப்பார்கள். தொட்டால் மரமே கைக்கு வரும். கிப்சனின் லெஸ் பால் மாடல்களில் பெரும்பாலும் பளபளப்புதான். அதையே விரும்பி வாசிக்கும் மேதைகளும் உண்டு. எனவே, எது உயர்ந்தது என்பதல்ல கேள்வி. எது உங்கள் கைக்கு ஒத்துவருகிறது என்பதுதான்.

ஏசியை நம்பாதீர்கள்

"ஷிசோ ஷிதே மோ ஈ தேசு கா?" வாசித்துப் பார்க்கலாமா என்று ஜப்பானிய மொழியில் கேட்பது இப்படி. இந்தத் தெருவில் இந்த ஒரு வரி தெரிந்தால் போதும். ஆனால், நீங்களாகச் சுவரிலிருந்து எடுக்கக் கூடாது. ஊழியரே எடுத்து, சுருதி சேர்த்து, ஆம்ப்ளிஃபையரில் மாட்டி, உட்கார நாற்காலி போட்டுக் கொடுக்கிறார். மோதிரத்தைக் கழற்றிவிடுவதும், பெல்ட் பக்கிள் உரசாமல் பார்த்துக்கொள்வதும் மரியாதை.

முதல் கடையில் அவள் கண் போனது, செர்ரிச் சிவப்பில் மின்னிய ஒரு கிடார் மேல். வாசித்தாள். அழகாக ஓடியது. "இதுவே எடுத்துக்கலாம் மாமா!"

ஜூலை மாதம். வெளியே மழைக்காலப் புழுக்கம். உள்ளே குளுகுளு ஏசி. அந்தக் குளிரில் எந்த நெக்கும் வழவழவென்றுதான் இருக்கும். "சரிவில் கீழே போய்த் திரும்ப ஏறி வரலாம். அப்புறம் இன்னொரு தடவை வாசி" என்றேன்.

சாலையின் அடிவரை நடந்தோம். சுருகதாய்-ஷிதா சந்திப்பு. அங்கிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பழைய புத்தகக் கடைகள் கொண்ட ஜிம்போச்சோ தொடங்குகிறது. அந்தப் பகுதி ஜப்பானியக் கறி சோற்றுக்கும் பேர்போனது. நம் குழம்பைவிடக் கெட்டியாக, லேசான இனிப்போடு இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு மேடேறி வந்தபோது இரண்டு பேருக்கும் சட்டை நனைந்திருந்தது.

கடைக்குள் நுழைந்ததும், கை காய்வதற்குள் அதே சிவப்பு கிடாரைக் கேட்டாள். இரண்டு நிமிடம். கட்டைவிரல் நின்றுவிட்டது. எனக்கே தெரிந்தது. முகம் வாடிவிட்டது.

கவனித்துக்கொண்டிருந்த இளைஞர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் வேறொன்றைக் கொண்டுவந்தார். வெளிர் நீலம், ஜப்பானிலேயே செய்தது, ஏற்கெனவே ஒருவர் வாசித்துவிட்டு விற்றது. நெக்கின் பின்பக்கம் பளபளப்பே இல்லை. தேய்த்த மரப்பெட்டிபோல இருந்தது. அதே ஈரக் கை, அதே பாட்டு. கை மேலும் கீழும் தடையில்லாமல் போய்வந்தது. கால் மணி நேரம் நிறுத்தவே இல்லை.

தலை நிமிர்ந்து என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "என் கை நல்லாத்தான் இருக்கு மாமா."

இரண்டு வருடமாக அவள் மனதில் இருந்த பாரம் அந்த ஒரு வரியில் இறங்கியதை அங்கே பார்த்தேன்.

பூச்சு மட்டும் போதாது

நெக்கின் வடிவமும் முக்கியம். குறுக்கே வெட்டிப் பார்த்தால் சில 'சி' எழுத்துபோல மெலிதாக வளைந்திருக்கும். சில 'யு' போலப் பருமனாக இருக்கும். பழைய பாணியில் 'வி' வடிவமும் உண்டு. சிறிய கைக்குப் பெரும்பாலும் மெல்லிய 'சி' சுலபம். தந்தியின் நீளத்தையும் பாருங்கள். ஃபென்டர் வகையில் 648 மில்லிமீட்டர், கிப்சன் வகையில் சுமார் 628. இந்த 20 மில்லிமீட்டர் குறைவதால் ஃபிரெட்டுகள் நெருங்கிவரும், தந்தியும் சற்றுத் தளர்வாக இருக்கும்.

பழைய கிடார்களில் தொங்கும் சீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். எத்தனை கிலோ எடை, எங்கே கீறல் என்று எழுதியிருப்பார்கள். 'ஃபிரெட் இன்னும் எண்பது சதவிகிதம் மீதி' என்றுகூடக் குறிப்பு இருக்கும்.

சாட்டினுக்கும் ஒரு குறை உண்டு. வருடக்கணக்கில் கை உரச உரச, அடிக்கடி பிடிக்கும் இடம் மட்டும் பளபளப்பாகிவிடும். மிக நுண்ணிய உப்புத்தாள் வகையால் லேசாகத் தேய்த்தால் மறுபடி மங்கலாகும். ஸ்டீல் உல் பயன்படுத்தினால், அதன் தூள் கிடாரின் பிக்கப் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். பிக்கப்பை மூடிவிட்டுத்தான் தொடவேண்டும். தெரியாதவர்கள் மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது.

போகிறவர்களுக்கு...

* பெரும்பாலான கடைகள் காலை 11 மணி வாக்கில்தான் திறக்கும். வார நாட்களில் கூட்டம் குறைவு.

* பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு 10 சதவிகித நுகர்வு வரியில் சலுகை உண்டு. 2026 நவம்பரிலிருந்து வரியைக் கட்டிவிட்டு, நாடு திரும்பும்போது பெற்றுக்கொள்ளும் முறை வருகிறது.

* கிடாரை விமானத்தில் கையோடு எடுத்துப்போக முடியுமா என்பதையும், இந்தியச் சுங்க வரம்பையும் வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

* ஒரே பாட்டை எல்லா கிடாரிலும் வாசியுங்கள். அப்போதுதான் ஒப்பிட முடியும்.

* ஒச்சனோமிஸு போக முடியாதவர்கள் உள்ளூர்க் கடையிலும் இதைச் செய்யலாம். போனதும் வாங்காமல், வெளியே வெயிலில் ஒரு நடை நடந்துவிட்டு வந்து, வேர்த்த கையோடு வாசித்துப் பாருங்கள். கிடாரின் முன்பக்கத்தைப் பார்ப்பவர்கள் ரசிப்பார்கள். பின்பக்கத்தோடு வருடக்கணக்கில் பழகப்போவது உங்கள் கட்டைவிரல்தான்!